மேகத்துக்கு எந்த ஊர்?

தமிழ்நாட்டு நெசவு வரலாற்றில் பொன்னெழுத்துகளால், அதற்கு வசதிப்படாவிட்டால் ஃபிளக்ஸ் எழுத்துகளாலாவது, பொறிக்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாசகப் பெருமக்கள் எழுந்து நின்று வாசிப்பது மரியாதை: இளம்பிள்ளை ஸ்ரீ குமரகுரு சில்க்ஸ் நிறுவனத்தின் முன்னூற்றுப் பன்னிரண்டு சேலை டிசைன்களும், கடந்த சித்திரை முதல் தேதி, நாதஸ்வரம் முழங்க, மேகத்தில் ஏறின.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள் கம்பெனியைத் திறந்து பார்த்தபோது ஒன்றுகூட இல்லை.

ஏறிய சேதியைச் சொல்லும் ஃபிளக்ஸ் மட்டும் வாசலில் அப்படியே நின்றது. முதலாளி குமரகுரு பஞ்சுப் பொதி போன்ற ஒரு மேகத்தின்மேல் செருப்போடு நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்த சண்முகவேலுக்குக் கழுத்து வலித்தது. திருச்செங்கோட்டுக்காரன். பன்னிரண்டு வருடம் போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போய் ஆயிரம் அடி தோண்டி, தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பழகியவன். இப்போது நாற்பத்திரண்டு வயதில், சேலத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் அக்சிலியாவுக்கு உதவியாளன்.

"பூமிக்குள்ள தேடி முடிச்சாச்சுங்க மேடம். இனி மேலதான் பாக்கி."

"வாயை மூடிட்டு உள்ள வா, வேலு" என்றார் அக்சிலியா.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அதில் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக்குள்ளான லாரிகளைப் பார்வையிட்டவர். 'நின்றுகொண்டிருந்த என் லாரியின்மேல் புளியமரம் வேகமாக வந்து மோதியது' என்று எழுதிக் கொடுத்தவர்களை எல்லாம் முகத்துக்கு நேரே பார்த்துச் சிரிக்காமல் இருந்தவர். அதற்குப் பிறகு மனித குலத்தின்மீது அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் மிஞ்சவில்லை.

உள்ளே குமரகுரு உட்கார்ந்திருந்தார். நேரில் மேகம் இல்லாததால் குள்ளமாகத் தெரிந்தார். அவருக்குப் பக்கத்தில், வேர்த்து ஊற்றும் வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல், மதன். முப்பத்தைந்து வயது. டிசைன்களை மேகத்தில் ஏற்றிவைத்த மகான். அவன் நீட்டிய கார்டில் பெயரைவிடப் பட்டம் நீளமாக இருந்தது. இருவருக்கும் எதிரே, சுவர் ஓரமாக, உட்காரச் சொல்லப்படாமல் நின்றுகொண்டிருந்தாள் அகல்யா. ராசிபுரத்துப் பெண். இங்கே ஆறு வருடமாக டிசைன் போடுபவள். அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் பாதிக்குமேல் அவள் கையால் ஆனவை.

"உங்களை ஒண்ணும் கண்டுபிடிக்கறதுக்குக் கூப்புடலீங்க" என்று ஆரம்பித்தார் குமரகுரு. "கண்டுபிடிச்சாச்சு. இவதான். அஞ்சு மணிக்கு ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுக்கறோம். இவதான்னு நீங்களும் உங்க லெட்டர்பேடுல நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா கொஞ்சம் வெயிட்டா இருக்கும்."

"வெயிட்டுக்கு எடைக்கல் வாங்கிக்கலாமே" என்றார் அக்சிலியா. "என்னைக் கூப்பிட்டா நான் கேள்வி கேட்பேன். ஆதாரம் என்ன?"

மதன் மடிக்கணினியைத் திருப்பினான். "லாக் ரிப்போர்ட், மேடம். யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு என் போனுக்கே வந்துடும். ஆயுத பூஜை அன்னைக்குக் காலைல ஆறு நாப்பதுக்கு இவங்க லாகின். எட்டரை வரைக்கும் ஒண்ணு விடாம டவுன்லோடு. அன்னைக்கோட கிளவுட் காலி."

"ஏனுங்க, ஆயுத பூஜை அன்னைக்கு!" குமரகுரு மேசையைத் தட்டினார். "இந்த ஊர்ல அன்னைக்குக் கத்திரிக்கோலைக்கூட ஒருத்தன் தொடமாட்டான். நாப்பது தறியும் மாலை போட்டு நிக்குது. அன்னைக்கு வேலை செய்யறவ வேற எதுக்குங்க செய்வா? திருடத்தான்!"

"எடுத்தியா?" அக்சிலியா அகல்யாவைப் பார்த்துக் கேட்டார்.

"எடுத்தேன் மேடம்."

"அழிச்சியா?"

"இல்லை."

"எதுக்கு எடுத்தே?"

அகல்யா சுவரைப் பார்த்தாள். சுவரில் சட்டம் போட்ட அறிவிப்பு ஒன்று தொங்கியது: 'டிசைனை வெளியே கொண்டுபோவதும் பெற்ற தாயை விற்பதும் ஒன்று.' மேகத்தில் ஏற்றிய நாளில் முதலாளி எழுதி மாட்டியது. அன்றைக்கே ஊழியர்களின் பென் டிரைவ்களை எல்லாம் பிடுங்கி, புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைப்பதுபோல் நாலு டயருக்கும் அடியில் வைத்து, தானே காரை ஏற்றி நசுக்கினாராம். இனி எல்லாம் மேகம்தான். தறிகளுக்கு டிசைன் அங்கிருந்து நேரே இறங்கும்.

இப்போது நாற்பது தறியும் வாயைப் பிளந்து நின்றன. தீபாவளிக்குப் பதினாறு நாள் இருந்தது.

"வாயைத் தொறக்கறாளா பாருங்க" என்றார் குமரகுரு. "ஸ்டேஷன்ல லேடி கான்ஸ்டபிள் கேட்டா தொறப்பா."

சண்முகவேல் உட்கார இடம் தேடினான். இருந்த ஒரே நாற்காலியில் மதனின் பை இருந்தது. அதைத் தூக்கினான். அடுத்த நொடி அறையே அதிரத் தும்மினான். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணில் நீர் வழிந்தது.

"ஏய், அதைத் தொடாதே! அதுல சர்வர் பார்ட்ஸ் இருக்கு" என்று பாய்ந்தான் மதன். "கண்ட கண்ட ஆளுங்களை எல்லாம் ஆபீசுக்குள்ள விட்டா இப்படித்தான்."

"உங்க மேகம் எங்கே இருக்கு, மதன்?" என்று கேட்டார் அக்சிலியா.

மதன் இரக்கத்தோடு சிரித்தான். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன் மேடம். கிளவுடுங்கறது ஒரு இடம் இல்லை. அது எங்கேயும் இருக்கும். எங்கேயும் இருக்காது."

"எங்கூர்ல அப்படி இருக்கறவனுக்குச் சீட்டுக் கம்பெனி ஓனர்னு பேருங்க" என்றான் சண்முகவேல், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"எந்த ஊர்?" அக்சிலியா விடவில்லை.

"சிங்கப்பூர்."

"அஞ்சு மணிவரைக்கும் டைம் இருக்கு. அதுவரைக்கும் இந்தப் பொண்ணு எங்கேயும் போகமாட்டா. நீங்களும் போகாதீங்க" என்று எழுந்தார் அக்சிலியா.

"வந்து என்ன சொல்லப் போறீங்க? இவதான்னுதான் சொல்லப் போறீங்க. அதுக்கு எதுக்குங்க இவ்வளவு நேரம்?" என்றார் குமரகுரு. அக்சிலியா அகல்யாவைக் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். கதவு கொஞ்சம் பலமாகச் சாத்திக்கொண்டது.

பேக்கிங் பிரிவில் சேலை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அகல்யாவை உட்காரவைத்தார்கள். அந்தக் கம்பெனியில் அன்றைக்கு அவள் முதல்முறையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"மேகம் இதுக்கு முன்னாடி படுத்திருக்கா?" என்று கேட்டார் அக்சிலியா.

"மாசா மாசம் மேடம். ஒவ்வொரு தடவையும் மதன் சாருக்கு மெசேஜ் போட்டிருக்கேன்." அவள் போனைத் திறந்து காட்டினாள். ஆறு செய்திகள். ஆறு பதில்கள். கடலுக்கடியில் கேபிளை மீன் கடித்துவிட்டது. சிங்கப்பூரில் சூறாவளி. மறுபடி மீன். பதில்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் முதலாளி ஒவ்வொன்றையும் மரியாதையோடு நம்பியிருந்தார்.

சண்முகவேல் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "மேடம், நேரத்தைப் பாருங்க. ஆறு தடவையும் மேகம் காத்தால ஒம்பதுக்குப் போயிருக்குது. சாயங்காலம் அஞ்சுக்கு வந்திருக்குது. ஏனுங்க, சிங்கப்பூர் மீனு ஒம்பது மணிக்கு டூட்டிக்கு வந்து அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு ஊட்டுக்குப் போகுதுங்களா?"

அக்சிலியா அவனை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை பாராட்டு. அதைப் பாராட்டு என்று புரிந்துகொள்ள அவனுக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது.

"ஒன்பதிலிருந்து அஞ்சு. மாசத்துக்கு ஒரு நாள். நம்ம ஊர்ல அந்த நேரத்துக்கு எது போகும், வேலு?"

"கரண்ட்டுங்க! மாசாந்திரப் பராமரிப்பு!"

"அதை எங்கே போடுவாங்க?"

பதில் அவர்கள் காலடியிலேயே கிடந்தது. பெட்டிகளுக்குள் மடித்து வைக்க, வாசல்படி உயரத்துக்குப் பழைய செய்தித்தாள் கட்டுகள். ஒவ்வொரு நாளும் உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில், திருமண வாழ்த்துக்கும் காணவில்லை விளம்பரத்துக்கும் இடையில், நாளைக்கு எந்தத் துணைமின் நிலையத்தில் மின்சாரம் இருக்காது என்ற பட்டியல் வரும். உலகத்தில் எத்தனை போர் நடந்தாலும் சேலத்துக்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முக்கால் மணி நேரம் மூவரும் தரையில் உட்கார்ந்து காகிதம் புரட்டினார்கள். மூன்று தேதிகளின் தாள் ஏற்கெனவே சேலைக்குள் மடிந்து ஊர்போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் மூன்று கிடைத்தன. வைகாசித் தேதியில் நான்கு துணைமின் நிலையங்கள். ஆடித் தேதியில் மூன்று. ஆவணித் தேதியில் இரண்டு. மூன்றிலும் இருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

"அயோத்தியாப்பட்டணம்" என்று வாசித்தான் சண்முகவேல். "சிங்கப்பூர் ஆத்தூர் ரோட்டுலயா இருக்குது?"

"அது பெரிய ஊர். அதுல எந்த இடம்னு தெரியணும்." அக்சிலியா யோசித்தார். "வேலு, நீ எதுக்குத் தும்மினே?"

"மொளகாத்தூளுங்க. பை ஜிப்பு பூராச் சிவப்பா அப்பியிருந்துச்சு. கூடவே கேழ்வரகு மாவும்."

"சர்வர் பார்ட்ஸ்" என்றார் அக்சிலியா.

"எங்கம்மாகூட அந்தப் பார்ட்ஸைப் போட்டுத்தாங்க களி கிண்டுவாங்க."

அக்சிலியாவின் ஆம்னி வேன் சேலத்தைக் குறுக்காகக் கடந்து ஆத்தூர் ரோட்டைப் பிடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் சண்முகவேல் சும்மா இருக்கவில்லை.

"மேடம், நெஜமாவே கேக்கறேன். இந்த மேகங்கறது மொத்தமும் டுபாக்கூருங்களா?"

"இல்லை. உன் போன்ல எடுக்கிற போட்டோ எங்கே இருக்கு?"

"போன்லதாங்க."

"போன வருஷம் போனைக் கிணத்துல போட்டியே. புதுப் போன்ல பழைய போட்டோ எப்படி வந்துச்சு?"

சண்முகவேல் போனை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"அதுதான் மேகம். நீ உன் பொருளை இன்னொருத்தன் குடோன்ல வைக்கிறே. அவ்வளவுதான். வானத்துல ஒண்ணும் இல்லை. எல்லாம் தரையில இருக்கிற கம்ப்யூட்டர். ஆனா பெரிய கம்பெனிக்காரன் ஒரே சரக்கை வேற வேற ஊர் குடோன்ல ரெண்டு மூணு நகலா வைப்பான். ஒண்ணு எரிஞ்சா இன்னொண்ணுல இருந்து எடுப்பான். ஜெனரேட்டர், காவல், ஏசி எல்லாம் அவன் பொறுப்பு. உனக்கு எவ்வளவு இடம் வேணுமோ அதுக்கு மட்டும் வாடகை. மேட்டூர்ல கரண்ட் தயாராகுது, நீ உன் வீட்ல சுவிட்சைத் தட்டுறே. அதுக்காக ஆளுக்கொரு அணை கட்டுறோமா? அதே கதை."

"அப்ப நல்ல சமாச்சாரந்தானுங்களே."

"நல்லதுதான். சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்கிறவனுக்கு. குமரகுரு குடோனைப் பார்க்கலை. குடோன்காரன் பேரைக் கேட்கலை. சாவியை மதன்கிட்டேயே விட்டுட்டார். கையில இருந்த நகலையும் காரை ஏத்தி நசுக்கிட்டார். அவர் மேகத்துக்குப் போகலை, வேலு. ஃபிளக்ஸுக்குப் போனார்."

அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கிக் கேட்டதில் பக்கத்தில் மூன்று மாவு மில்கள் இருப்பதாகச் சொன்னார்கள். முதல் இரண்டில் மாவு இருந்தது, மேகம் இல்லை. மூன்றாவதைப் பார்த்ததும் அக்சிலியா வண்டியை நிறுத்தினார். தகரக் கூரை. சுவரெல்லாம் பத்து வருட மாவு. அந்தச் சுவரில், பளபளவென்று, புத்தம்புதிய ஏசியின் வெளிப்பெட்டி.

"மாவுக்கு வேர்க்குதுங்களா மேடம்?" என்றான் சண்முகவேல்.

மில்லின் சொந்தக்காரி சுப்பம்மாள் அறுபதைத் தாண்டியவள். புருவம்வரை மாவு. யார் என்ன என்று கேட்காமலே சண்டைக்குத் தயாராக நின்றாள்.

"அரைக்கணும்னா டப்பாவை வரிசையில வை. இல்லைன்னா எடத்தைக் காலி பண்ணு."

"மதன் அனுப்பினார்" என்றார் அக்சிலியா. பொய்யைச் சுருக்கமாகச் சொல்வது அவர் வழக்கம்.

"அந்தக் கட்டையில போறவனா? என் தங்கச்சி மவன்தான். ஒரு பொட்டி வைக்கணும் பெரியம்மான்னு வந்தான். பொட்டிக்கு ஏசி! இங்க மனுசி வெந்து சாவுறேன். அந்த ஏசி ஓடுனா என் மோட்டார் முக்குது. வந்து எடுத்துட்டுப் போன்னா வரமாட்டேங்குறான்."

உள்ளே மிளகாய் அரைக்கும் இயந்திரத்துக்கும் மூட்டைகளுக்கும் நடுவில், கண்ணாடிக் கதவு போட்ட சின்னத் தடுப்பு. அதற்குள் ஸ்டூலின்மேல் கறுப்புப் பெட்டி ஒன்று. நெற்றியில் மூன்று பட்டை சந்தனம். நடுவில் குங்குமம். கழுத்தில், கழுத்து என்று சொல்லத்தக்க இடத்தில், வாடிய சாமந்தி மாலை. காற்றுப் போகும் ஓட்டைகளில் மஞ்சள் காய்ந்து அடைத்திருந்தது. விளக்கு ஒன்றும் எரியவில்லை.

சண்முகவேல் தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பூஜை பலமா போட்டிருக்கீங்க" என்றார் அக்சிலியா.

"பின்ன? ஒம்பது மணிக்கு மெயினை ஆஃப் பண்ணி, எல்லா மிசினையும் கழுவி, பொட்டு வச்சேன். எல்லாத்துக்கும் போட்டுட்டு இது ஒண்ணுக்கு மட்டும் கொறை வைக்கிறதா? நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தானே சொல்லுவான்? கண்ணாடிக்குள்ள இருந்தும் ஒரு விரக்கடை மாவு. மஞ்சத்தண்ணியில நல்லாக் குளிப்பாட்டித்தான் வச்சேன்."

"அப்புறம்?"

"சாயங்காலம் வந்தான். மெயினைப் போட்டதும் டப்புன்னு ஒரு சத்தம். தலையில அடிச்சிக்கிட்டு உக்காந்துட்டான். போச்சு பெரியம்மா, எல்லாம் போச்சுன்னு அழுதான். அப்புறம் ஒரு அரை மணி நேரம் போனையே பாத்துக்கிட்டு இருந்தான். திடீர்னு மூஞ்சி தெளிஞ்சுது. யாரோ ஒரு பொண்ணு காலையில எடுத்திருக்கா, நான் தப்பிச்சேன்னு சிரிச்சிக்கிட்டே போனான்."

சண்முகவேல் பெட்டியை மறுபடி பார்த்தான். இத்தனை நேரம் இதை ஒரு தமாஷ் என்று நினைத்திருந்தான். அந்தக் கோட்டுக்காரன் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்து, ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

"அந்தப் பொண்ணை இன்னைக்கு அஞ்சு மணிக்குப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறான்" என்றார் அக்சிலியா. "இந்தப் பெட்டி தானாப் போகலை, அவ அழிச்சிட்டான்னு."

சுப்பம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறினாள். மாவு பறந்தது.

"ஏசி தின்ன கரண்ட்டுகூடப் போவட்டும். நான் குளிப்பாட்டுனதுக்கு எவளோ ஜெயிலுக்குப் போறதா? பொட்டியைத் தூக்குடா, தடியா."

சண்முகவேல் தூக்கினான்.

நாலே முக்காலுக்கு அவர்கள் குமரகுருவின் அறைக்குள் நுழைந்தபோது புகார் மனு பிளாஸ்டிக் உறையில் தயாராக இருந்தது. மதன் அதற்குக் கால்புள்ளி போட்டுக்கொண்டிருந்தான். அகல்யா மறுபடியும் சுவர் ஓரத்தில் நின்றாள். அழுத முகம் இல்லை. அழக்கூடாது என்று தீர்மானித்துவிட்ட முகம்.

சண்முகவேல் பெட்டியை மேசைமேல் வைத்தான். சந்தனத்தையும் மாலையையும் பார்த்ததும் குமரகுரு பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"நல்லாக் கும்பிட்டுக்கங்க" என்றார் அக்சிலியா. "இதுதான் உங்க சிங்கப்பூர். அயோத்தியாப்பட்டணத்துல ஒரு மாவு மில்லில் இருந்தது."

மதன் எழுந்தான். அதற்குள் சுப்பம்மாள் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கடா போற? உக்காரு. வெந்நீர்ல போட்டு எடுக்க உன் கோட்டு."

"இவங்க யாருன்னே எனக்கு..."

"மூணு வயசு வரைக்கும் மூக்கைச் சிந்திவிட்டவடா நான்!"

மதன் உட்கார்ந்தான். ஆனாலும் பட்டம் வாங்கியவன், லேசில் விடமாட்டான். "சார், இதுக்குப் பேரு எட்ஜ் கிளவுட். கஸ்டமருக்குப் பக்கத்துலயே சர்வரைக் கொண்டுவர்றது. இதுதான் லேட்டஸ்ட் டிரெண்ட்."

"ரொம்பப் பக்கங்க" என்றான் சண்முகவேல். "இன்னொரு அடி தள்ளியிருந்தா மேகத்தை மொளகாயோட சேத்து அரைச்சிருப்பாங்க."

அக்சிலியா ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஒன்பது முதல் ஐந்து. செய்தித்தாள். மிளகாய்த்தூள். மஞ்சள் தண்ணீர். அன்று மாலையே எல்லாம் தெரிந்தும் மதன் சிரித்துக்கொண்டு போன சேதி. குமரகுருவின் முகம் வெளுத்துச் சிவந்து மறுபடி வெளுத்தது. அவமானம் ஒரு பக்கம், வேறொரு கணக்கு இன்னொரு பக்கம் ஓடியது தெரிந்தது.

"அப்ப... டிசைனு?"

"கரைஞ்சு போச்சு."

"தீபாவளி ஆர்டருங்க... நாப்பது தறிங்க..." அவர் நாற்காலியில் சரிந்தார். மேகத்திலிருந்து விழுந்த மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி.

அக்சிலியா மேசைமேல் இருந்த அவருடைய லெட்டர்பேடை அவர் பக்கம் தள்ளினார். "எழுதுங்க. 'சித்திரை முதல் தேதி தொடங்கி, எல்லா டிசைன்களுக்கும் வெளியே ஒரு நகல் வைத்துக்கொள்ள அகல்யாவுக்கு என் முழு அனுமதி உண்டு.' கையெழுத்து, தேதி, சீல்."

"இல்லாத பொருளுக்கு எதுக்குங்க அனுமதி?"

"இல்லாத பொருள்தானே. கையெழுத்துப் போடறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

அந்தத் தர்க்கம் குமரகுருவுக்குப் பிடித்திருந்தது. போட்டார். அக்சிலியா மை காயும்வரை காத்திருந்து, காகிதத்தை மடித்து அகல்யாவின் கையில் கொடுத்தார்.

"இப்ப சொல்லு. இனி நீ திருடி இல்லை. மேகம் மாசா மாசம் படுக்குதேன்னு இந்தக் கம்பெனியில பயந்த ஒரே ஆள் நீதான். அன்னைக்குக் காலைல எடுத்ததை எங்கே வச்சே?"

அகல்யா காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு முதலாளியின் மேசைக் கணினிக்கு நடந்துபோய், அவரைக் கேட்காமலே, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பென் டிரைவ் வச்சிருந்தா வாசல்ல சோதனை போடுவாங்க மேடம். என் மெயிலோட கொஞ்சம் இடம் இலவசமாக் குடுத்திருக்காங்க. ஆறு மாசமா அதுலதான் ஏத்திட்டு வாரேன். பூஜை அன்னைக்கு லீவுங்கறதால லைன் சும்மா இருக்கும், பழசு எல்லாத்தையும் சேர்த்து ஏத்திடலாம்னு வீட்ல இருந்து உட்கார்ந்தேன். கேட்டா என்னத்தைச் சொல்றது? சொன்னாலே இந்தச் சுவத்துல இருக்கறதுதான் நான்."

கடவுச்சொல் போட்டாள். அவள் போன் ஒருமுறை அதிர்ந்து, நீதானா என்று கேட்டது. ஆமாம் என்று தொட்டாள்.

திரையில் ஒவ்வொன்றாக விரிந்தன. மயில், மாங்காய், கோபுர பார்டர், கட்டம் போட்ட முந்தி. முன்னூற்றுப் பன்னிரண்டு.

"ஏ மதன்" என்றான் சண்முகவேல் மெதுவாக. "பார்த்துக்க. இதாம்பா மேகம். காசு வாங்காம வேலை செய்யுது. மஞ்சத்தண்ணியும் கேக்கலை."

அக்சிலியா புகார் மனுவை உறையிலிருந்து உருவினார். "பேரை மட்டும் மாத்திட்டா போதும். அகல்யாவை அடிச்சிட்டு மதன்னு போடுங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

குமரகுரு அவசரமாக அதைப் பிடுங்கிக்கொண்டார். "வேண்டாங்க மேடம். வேண்டவே வேண்டாம். கம்ப்ளெயின்ட்டுல மாவு மில்லுன்னு எழுதோணுமே. இளம்பிள்ளை பூராச் சிரிக்கும். மதன் சின்னப் பையன், ஏதோ தெரியாமப் பண்ணிட்டான்."

அந்தச் சின்னப் பையனுக்கு முப்பத்தைந்து வயது. அவன் கோட்டைச் சரிசெய்துகொண்டு, நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பினால் ஊர் சிரிக்காது என்று முதலாளிக்கு எப்படித் தெரிந்தது என்று சண்முகவேல் கேட்க நினைத்தான். கேட்டான். குமரகுரு அது காதில் விழாத மாதிரி எழுந்தார்.

தறிக் கூடத்தில் எல்லோரும் கூட்டப்பட்டார்கள். நாற்பது தறியும் ஓடத் தொடங்கும் நல்ல நேரத்தில் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். அகல்யா தமக்கு மகள் மாதிரி என்றார். மாதிரிகூட இல்லை, மகளே என்றார். முதல் நாளிலிருந்தே அவள்மீது தமக்கு ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பட்டுச் சால்வை ஒன்றை அவள் தோளில் போர்த்தி, இன்றிலிருந்து இவள் இந்நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர், இந்தக் குமரகுரு உயிரோடு இருக்கும்வரை அந்தப் பதவியை அவளிடமிருந்து எந்தச் சக்தியாலும் பறிக்க முடியாது என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். மதனும் தட்டினான்.

அகல்யா அடுத்த திங்கட்கிழமை குமாரபாளையத்தில் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.